தபால் ஒன்றும் இல்லை

கோபிசெட்டிபாளையம்,
10.9.1995

கிறிஸ்துவுக்குள் பிரியமான விமலாவுக்கு,

தேவதாஸ் எழுதுவது. போன வாரம் பிடித்த சளி விட்டுவிட்டது, இப்போது சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டெய்சிக்குப் பரீட்சை முடிந்ததா? ஜேக் இன்னும் பள்ளிக்கூடம் போக அழுகிறானா?

இரண்டு நாளாக இதை எழுதி எழுதிக் கிழித்தேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது நேரில் பேசலாம்தான். ஆனால் ஒரே அறையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஐந்தாறு மணி நேரத்துக்குள் இதைப் பேசி முடிக்க முடியாது.

வியாழக்கிழமை கலீல் ரஹ்மான் இங்கே மில்லுக்கே வந்திருந்தார். போத்தனூரில் நம் பழைய மில் மூடியபோது நாலைந்து பேரை வெளிநாட்டுக்கு அனுப்பினாரே, அவர்தான். இந்தோனேசியாவில் பாண்டுங் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லாம். சூப்பர்வைசர் வேலை, மூன்று வருட ஒப்பந்தம். நம் பணத்தில் மாதம் பதினெட்டாயிரம். தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே. "தேவதாஸண்ணா, இங்க பத்து வருசம் நூத்தாலும் இந்தக் காசப் பாக்க முடியாதுங்க. சீக்கிரம் சொல்லிப்போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே எனக்கு மூவாயிரத்து நானூறு. பழைய மில்லில் வாங்கியதைவிடக் குறைவு. அது உனக்கும் தெரியும். ஆனால் விமலா, அந்த மில்லில் பதினாறு வருடம், நூல் அறுந்தால் ஆளைக் கூப்பிட்டு முடிச்சுப் போடச் சொல்கிறவனாகவே இருந்தேன். ஏன் அறுகிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை. இங்கே மேனேஜர் மருதாசலம் கேட்டார். நாற்பதாம் நம்பர் நூல் ஓடும் நான்கு மெஷின்களை என்னிடம் விட்டு, "உங்களுக்குச் சரின்னு பட்டதச் செய்யுங்க, ஓனருகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். மூன்று வாரம் பஞ்சுக் கலவையையும் வேகத்தையும் அறையின் ஈரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நூல் அறுவது பாதியாகக் குறைந்துவிட்டது. மருதாசலம் மெஷின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "உங்களை இத்தன வருசம் சூப்பர்வைசராவே வெச்சிருந்தது பாவமுங்க" என்றார். அசிஸ்டன்ட் ஸ்பின்னிங் மாஸ்டர் வேலைக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறாராம். அது கிடைத்துவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் ஸ்பின்னிங் மாஸ்டர். அப்புறம் எந்த மில்லிலும் எனக்கு நாற்காலி உண்டு. இந்தோனேசியாவுக்குப் போனால் சூப்பர்வைசராகப் போய் சூப்பர்வைசராகத்தான் திரும்புவேன். வயது மட்டும் நாற்பத்திரண்டு ஆகியிருக்கும்.

எனக்கு இங்கே இருக்கத்தான் மனசு. ஆனால் என் மனசை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாதே. உனக்கு எது சரியென்று படுகிறதோ எழுது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன்
தேவதாஸ்


போத்தனூர்,
19.9.1995

அன்புள்ள டெய்சி அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறேன், பரவாயில்லை. ஜேக் இப்போதெல்லாம் கேட் வரைக்கும்தான் அழுகிறான். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தீர்கள். ஆலயத்துக்குப் போனோம், சாப்பிட்டோம், பஸ் ஏற்றிவிட்டேன். இதைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால் நானும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாற்பதாம் நம்பர் நூல் எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு அதில் சந்தோஷம் இருக்கிறது என்பது புரிந்தது.

என் அப்பா மிஷன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஃபோர்மேன் வேலை அடுத்த வருடம் உனக்குத்தான் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார்களாம். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய்வருவார். அம்மா வாசலில் நின்று முகத்தைப் பார்ப்பாள். பத்தொன்பது கிறிஸ்துமஸ். எழுத்துக் கோத்துக்கொண்டே கண் போய், எழுத்துக் கோப்பவராகவே இறந்தார். அவர்கள் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. நல்லவர்கள்தான். மருதாசலமும் நல்லவராகத்தான் இருப்பார்.

இங்கே ஆறு குடித்தனத்துக்கு ஒரு குழாய். நேற்றும் குடம் வைத்ததில் சண்டை. டெய்சிக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது. துணி மாற்ற என்னைக் கதவுக்கு வெளியே காவல் நிற்கச் சொல்கிறாள். நர்சரிப் பள்ளியில் எனக்குத் தரும் நானூற்றைம்பதில் இதற்கெல்லாம் வழியில்லை.

போங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. முடிவு உங்களுடையது. கைக்கு வருகிற சம்பளத்தையும் வாயால் சொன்ன பதவியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஜெபத்தில் உங்களை நினைக்கிற
விமலாராணி


கோபிசெட்டிபாளையம்,
5.10.1995

பிரியமான விமலாவுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நீ எழுதியது நியாயம்தான். மறுநாளே மருதாசலத்தின் அறைக்குப் போய் நேராகக் கேட்டேன். "எனக்கு ஒரு தாள் வேணுமுங்க. வேல உங்களுக்குத்தான்னு, கையெழுத்துப் போட்டு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓனரு பம்பாயில இருக்காருங்க. பொங்கலுக்குள்ள ஆயிருமுங்க" என்றார். பொங்கல் என்றதும் உன் அப்பாவின் கிறிஸ்துமஸ்தான் நினைவுக்கு வந்தது.

கலீல் ரஹ்மானிடம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சம்பளத்தை டாலரில் எழுதச் சொன்னேன், அந்த மில் ஒத்துக்கொள்ளவில்லையாம். அந்த நாட்டுப் பணத்தில்தான், ருப்பியா என்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான் என்றார். 28ஆம் தேதி இங்கிருந்து நேராக மெட்ராஸ். மருத்துவப் பரிசோதனை, விசா எல்லாம் முடிய இரண்டு வாரம் ஆகும்.

மருதாசலம் கோபப்படவில்லை. "போறதுக்குள்ள தாளு வந்துட்டா இருப்பீங்களா?" என்று கேட்டார். "இருப்பேனுங்க" என்றேன். உன்னிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை, விமலா. அப்படி ஒரு தாள் வந்தால் கலீல் ரஹ்மானின் கையைக் காலைப் பிடித்தாவது பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். விமானம் ஏறுகிற நாள் வரைக்கும் வாங்குவேன். போத்தனூர் விலாசத்தைத்தான் மருதாசலத்திடம் கொடுத்திருக்கிறேன். வந்தால் உடனே சொல்.

தேவதாஸ்


கோபிசெட்டிபாளையம்,
31.10.1995

திரு. தேவதாஸ் அவர்களுக்கு மருதாசலம் வணக்கத்துடன் எழுதியது.

பயணம் நல்லபடியாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் கிளம்பிய மறுநாள் முதலாளி பம்பாயிலிருந்து வந்துவிட்டார். நான்கு மெஷின்களின் கணக்கையும் காட்டினேன். வேறொன்றும் பேசவில்லை, "அந்த ஆள விட்டுறாதீங்க" என்றார். உத்தரவு இத்துடன் இருக்கிறது. அசிஸ்டன்ட் ஸ்பின்னிங் மாஸ்டர், மாதம் ஐயாயிரத்து இருநூறு. குடும்பத்தோடு தங்க மில் வளாகத்தில் இரண்டு அறை வீடு. இரண்டு வருடம் கழித்து ஸ்பின்னிங் மாஸ்டர் பதவிக்குப் பரிசீலிப்பதாகவும் முதலாளி தம் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இது ஈடில்லை. எனக்குத் தெரியும். உங்கள் மனசும் எனக்குத் தெரியும். நவம்பர் பத்துக்குள் ஒரு பதில் வேண்டும். தந்தி கொடுத்தாலும் சரி, மில்லுக்குப் போன் செய்தாலும் சரி. அதற்குமேல் முதலாளி வேறு ஆளைப் பார்ப்பார்.

வீட்டில் உள்ளவர்களை விசாரித்ததாகச் சொல்லவும்.

மருதாசலம்


போத்தனூர்,
4.11.1995

அன்புள்ள டெய்சி அப்பாவுக்கு,

மூவரும் சுகமாக இருக்கிறோம். லாட்ஜில் கொசு கடிக்கிறது என்றீர்கள், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

நேற்று நாச்சியம்மாள் அக்கா வீட்டுப் போனில் சரியாகப் பேச முடியவில்லை. பக்கத்தில் அவர்கள் நின்றிருந்தார்கள். போன மாதம் இங்கிருந்து எடுத்துப்போன பெட்டியின் அடியில் கம்பளிச் சட்டை வைத்திருக்கிறேன். ஊறுகாயைத் தனியாகப் பிளாஸ்டிக்கில் கட்டியிருக்கிறேன், துணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனையில் சபை ஐயர் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார். எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள்.

போனில் சொன்னது போலத் தபால் ஒன்றும் இல்லை.

பத்திரமாகப் போய்ச் சேருங்கள்.

விமலாராணி


பாண்டுங் அருகில்,
18.3.1996

பிரியமான விமலா, டெய்சி, ஜேக் மூவருக்கும்,

உங்கள் இரண்டு கடிதங்களும் சேர்ந்தே வந்தன. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு மழை, கடிகாரம் தேவையில்லை. சோறு கிடைக்கிறது, குழம்புதான் இல்லை. ஊறுகாயைத் தொட்டுத் தொட்டு இன்னும் முடிக்காமல் வைத்திருக்கிறேன். இங்கே என்னை 'பாக் தாஸ்' என்று கூப்பிடுகிறார்கள், பாக் என்றால் ஐயா மாதிரி. ஜேக்கிடம் சொன்னால் சிரிப்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன ஆலயத்துக்குப் போகிறேன். பாட்டாக் என்ற ஜனங்களின் சபை. பாஷை புரியாது. பாட்டின் ராகம் சிலது நம்முடையதேதான். அவர்கள் அவர்கள் பாஷையில் பாடுகிறார்கள், நான் தமிழில் முணுமுணுக்கிறேன்.

பணம் ஒழுங்காக வந்து சேர்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். சுந்தராபுரம் பக்கம் மூன்று சென்ட் இடம் இருந்தால் விசாரி.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுத அதிகம் இல்லை. மில் நம் கோபி மில்லைப் போலப் பத்து மடங்கு. எல்லாவற்றையும் மேலே இருக்கிறவர்கள் முடிவு செய்து தாளில் எழுதி அனுப்புகிறார்கள். நான் எட்டு மணி நேரம் மெஷின்களுக்கு நடுவில் நடக்கிறேன். போன மாதம் ஒரு மெஷினில் நூல் அதிகமாக அறுந்தது, காரணம் எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. போய்ச் சொன்னேன். "உன் வேலை நடப்பது" என்றார் மேனேஜர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் நான் ஒன்றும் சொல்வதில்லை.

பரவாயில்லை. மூன்று வருடம் ஓடிவிடும்.

தேவதாஸ்


சுந்தராபுரம்,
2.2.1997

அன்புள்ள டெய்சி அப்பாவுக்கு,

மேலே விலாசத்தைப் பாருங்கள்! புது வீட்டிலிருந்து எழுதும் முதல் கடிதம். எல்லோரும் சுகம். உங்களுக்கு வயிற்று வலி என்று எழுதியிருந்தீர்களே, இப்போது எப்படி?

போன ஞாயிறு ஐயர் வந்து ஜெபித்துப் பிரதிஷ்டை செய்தார். அறுபது பேருக்குப் பிரியாணி. இரண்டு அறை, ஹால், சமையலறையில் குழாய். குழாயைத் திறந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாச்சியம்மாள் அக்கா வீடெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மணி, ஊட்டுக்காரரு இல்லாமயே இத்தனையும் செஞ்சுபோட்டீங்களே" என்றார்கள். டெய்சிக்குத் தனி அறை. கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள், பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிவிடுவாள். ஜேக் உங்கள் போட்டோவை ஹாலில் மாட்டச் சொன்னான். மாலை போட்ட படம் போல இருக்கிறது என்று நான் கழற்றி அலமாரியில் வைத்தேன்.

இன்னும் ஒன்றே முக்கால் வருடம். கொஞ்சம் மெலிந்திருப்பதாகக் கலீல் ரஹ்மான் சொன்னார், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

கோபியிலிருந்து உங்களுக்கு யாராவது எழுதினார்களா?

விமலாராணி


பாண்டுங் அருகில்,
25.1.1998

விமலாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

அக்டோபரிலும் டிசம்பரிலும் பணம் குறைவாக வந்ததற்கு பேங்கில் தாமதம் என்று எழுதினேன். அது பொய். இந்த நாட்டுப் பணம் விழுந்துவிட்டது. சம்பளச் சீட்டில் அதே எண்தான் இருக்கிறது, ஒரு ருப்பியா குறையவில்லை. மாற்றப் போனால் நம் பணத்தில் நாலாயிரம்கூடத் தேறவில்லை. இந்த வாரம் இன்னும் மோசம். காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. மெஷின்களில் மூன்றில் ஒன்று நிற்கிறது. கிளம்பலாம் என்றால் ஒப்பந்தத்தை முறித்தால் டிக்கெட் என் செலவு, பாக்கிச் சம்பளமும் கிடையாது. கையெழுத்துப் போட்ட தேதிக் கணக்கில் அக்டோபர் வரைக்கும் இருந்தே ஆகவேண்டும். வீடு முடிந்ததே என்று நினைத்துத் தேற்றிக்கொள்கிறேன்.

திரும்பி வந்தால் என்ன வேலை என்று யோசிக்கிறேன். மருதாசலத்துக்கு எழுதலாம் என்று இருக்கிறேன். அந்த மனுஷர் அன்றைக்கு முயற்சி செய்தார். ஒரு தாள் வாங்கித் தர முடியவில்லையே என்று அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்திருக்கும். ஒன்றரை மாதத்தில் எழுதிவிடுவேன், அதற்குள் இங்கே ஏதாவது தெளிகிறதா பார்க்கலாம். நீ என்ன நினைக்கிறாய்?

வயிற்றில் புண் என்கிறார் டாக்டர். மாத்திரை சாப்பிடுகிறேன்.

தேவதாஸ்


சுந்தராபுரம்,
2.3.1998

டெய்சி அப்பாவுக்கு,

போன மாதம் கோவையில் குண்டுகள் வெடித்ததைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குப் பல நாள் பள்ளிக்கூடம் இல்லை, இப்போது போகிறார்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மருதாசலத்துக்கு எழுதுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். நீங்கள் எழுதினால் எப்படியும் தெரிந்துவிடும், அதனால்தான் இப்போது சொல்கிறேன். இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

தாள் வந்தது.

நீங்கள் மெட்ராஸில் இருந்தபோது, நவம்பர் மூன்றாம் தேதி காலையில் வந்தது. குழாயடியில் நின்றே படித்தேன். அசிஸ்டன்ட் ஸ்பின்னிங் மாஸ்டர் உத்தரவு, சம்பளம் ஐயாயிரத்து இருநூறு, நாம் எல்லோரும் சேர்ந்து இருக்க வீடு, முதலாளியின் கையெழுத்து. எல்லாம் இருந்தது. "என்ன கண்ணு, ஊட்டுக்காரரு லெட்டரா?" என்று நாச்சியம்மாள் அக்கா கேட்டார்கள். "இல்லீங்கக்கா, மில்லுக் கணக்கு" என்றேன். அன்று மத்தியானமே நீங்கள் போன் செய்தீர்கள். "மில்லுலருந்து ஏதாச்சும் வந்துதா?" என்றீர்கள். "ஒண்ணும் வரலைங்க" என்றேன். அப்புறம் "சரி, விடு" என்றீர்கள். அந்தச் "சரி, விடு" என்ற குரலை மறக்க எவ்வளவோ முயன்றேன்.

அப்பாவை நினைத்துத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான். சபையில் ஜெபம் செய்துவிட்டார்கள். குழாயடியில் எனக்குக் குடம் முதலில் வைக்க இடம் விட்டார்கள். இந்தோனேசியாக்காரர் வீட்டம்மா என்றார்கள். நீங்கள் போகுமுன்பே என் மனசில் வீடு கட்டி முடித்துவிட்டேன். கோபிக்குப் போனால் அது மில்காரர்களின் வீடுதானே, என்னுடையது இல்லையே என்று நினைத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அடுத்த ஏப்ரலில் ஒரு கல்யாணத்துக்குப் போத்தனூர் வந்த மருதாசலம் வீட்டைத் தேடி வந்தார். "லெட்டரு வந்து சேந்துதுங்களா?" என்று கேட்டார். வந்தது, அவர்தான் வேண்டாம் என்றுவிட்டார் என்று சொன்னேன். "அப்படிங்களா. ஒரு வரி எழுதியிருக்கலாமுங்க" என்றார். காபி கொடுத்தேன், குடிக்காமலே போய்விட்டார்.

உங்கள் பெயரில் அதைச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு எழுதும்போது இது தெரியாமல் எழுதாதீர்கள்.

மன்னியுங்கள் என்று எழுத நான்கு முறை பேனாவை எடுத்தேன்.

விமலாராணி


பாண்டுங் அருகில்,
20.6.1998

என் பிரியமான டெய்சிக்கு,

அப்பா சுகம். நீயும் தம்பியும் சுகமா? இங்கே பெரிய நகரங்களில் கலவரம் என்று டிவியில் காட்டியிருப்பார்கள். நாங்கள் மில் மதிலுக்குள்ளேயே இருக்கிறோம், பயம் இல்லை.

பத்தாவதில் நானூற்றுப் பன்னிரண்டு வாங்கியிருந்தாய். பிளஸ் ஒன் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது, இன்னும் அந்த எண்ணைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்து என்ன படிப்பது என்று நீயே யோசி. உனக்கு எது பிடிக்கிறதோ அதைப் படி. யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள், முடிவை நீ எடு.

தம்பிக்கு சைக்கிள் வாங்கித் தர இந்த வருடம் முடியாது. நான் சொன்னேன் என்று சொல். அம்மா கேட்டால் கடிதம் வந்தது என்று சொல்.

அப்பா


கோபிசெட்டிபாளையம்,
29.11.1998

விமலாவுக்கு,

இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. உடம்பு பரவாயில்லை. பிள்ளைகள் நலமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். உன் முழங்காலைப் பற்றி வீட்டில் இருந்தபோது கேட்க மறந்துவிட்டேன்.

வீட்டில் நான்கு நாள் இருந்தேன். நீயும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை. புது வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியாமல் ஹாலில் நின்றேன். ஜேக் வந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான், விருந்தாளிக்குக் காட்டுவதுபோல.

மருதாசலம் இப்போது ஜெனரல் மேனேஜர். அரை மணி நேரம் வெளியே உட்காரவைத்தார். உள்ளே போனதும், "ஏனுங்க தேவதாஸ், வேண்டாம்னா வேண்டாமுங்க. ஒரு பதில் போட்டிருந்தா நான் ஓனருகிட்டத் தலகுனிஞ்சு நின்னிருக்க மாட்டேனுங்க" என்றார். சொல்ல நிறைய இருந்தது. "ஆமாங்க. எழுதாமப் போனது என் தப்புதானுங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் முகம் கொஞ்சம் இளகியது. சூப்பர்வைசர் வேலை இருக்கிறது, நாலாயிரத்து இருநூறு என்றார். வாங்கிக்கொண்டேன். சூப்பர்வைசர்களுக்குக் குடும்ப வீடு கிடையாது. மூன்று பேரோடு ஓர் அறை.

எனக்குப் பதிலாக எடுத்தவர்தான் இப்போது ஸ்பின்னிங் மாஸ்டர். முப்பத்திரண்டு வயது, நல்ல மாதிரி. என்னை அண்ணா என்கிறார், நான் சார் என்கிறேன். நான் பார்த்த நான்கு மெஷின்களையும் விற்றுவிட்டார்கள். புதிதாக வந்திருப்பவற்றுக்கு கம்ப்யூட்டர் இருக்கிறது. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் செய்கிறேன்.

மார்ச்சில் நீ எழுதியதற்கு இதுதான் பதில். முதல் இரண்டு மாதம் கோபத்தில் எழுதவில்லை. தாள் கைக்கு வந்திருந்தால் நிச்சயம் இருந்திருப்பேன், நிச்சயம் இருந்திருப்பேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். பிறகு ஒரு நாள், நிச்சயம்தானா என்று தோன்றிவிட்டது. அதிலிருந்துதான் எழுத முடியாமல் போனது. மெட்ராஸில் பாஸ்போர்ட்டில் விசாவை ஒட்டிக் கொடுத்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, விமலா. போனில் ஒன்றும் வரவில்லை என்று நீ சொன்னபோது வருத்தப்பட்டேன். அந்த வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் இருப்பதா போவதா என்று யோசித்துத் தவிக்க வேண்டியவன் நான்தானே. அந்த ஒரு வாரத்தை நீ எனக்குத் தரவில்லை. தந்திருந்தால் தப்பாகவே முடிவெடுத்திருந்தாலும் அது என்னுடையதாக இருந்திருக்கும். அதுதான் இன்னும் ஆறவில்லை.

அடுத்த மாதம் ஷிஃப்ட் மாறுவதால் ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியாது. கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டிருக்கிறேன், கிடைக்குமா தெரியவில்லை. வீட்டுச் செலவுக்கு மணியார்டர் அனுப்பியிருக்கிறேன்.

தேவதாஸ்


சுந்தராபுரம்,
9.12.1998

அன்புள்ள டெய்சி அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். மணியார்டர் வந்தது. முழங்காலைக் கேட்டீர்கள், மாடிப்படி இல்லாத வீடு என்பதால் சமாளிக்கிறேன்.

உங்கள் கடிதத்தை டெய்சி பள்ளிக்கூடம் போனபிறகு படித்தேன். மருதாசலத்திடம் உங்கள் தப்பு என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, வெகு நேரம் கழித்துத்தான் மீதியைப் படிக்க முடிந்தது.

ஒரு ரயில்வே குடும்பம் நம் வீட்டை வாடகைக்குக் கேட்டு இரண்டு முறை வந்துவிட்டது. ஆயிரத்து நானூறு தருகிறார்களாம். கோபியில் அதில் பாதிக்கு ஓர் அறையும் சமையலறையும் கிடைக்கும் என்று நாச்சியம்மாள் அக்காவின் தம்பி சொல்கிறார். டெய்சிக்குப் பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில். அது முடியும் வரை நகர முடியாது. அதற்குப் பிறகு வருவதா, இங்கேயே இருப்பதா என்று நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை. அவர்களுக்குப் பதிலும் சொல்லவில்லை. உங்களைக் கேட்காமல் சொல்லப்போவதும் இல்லை.

இதை எழுதிக் கேட்டால் நீங்கள் எழுதிப் பதில் சொல்வீர்கள். இருவரும் எழுதிக்கொண்டே இருப்போம். பஸ்ஸில் மூன்று மணி நேரம்தானே. வருகிற சனிக்கிழமை காலை எட்டரை பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். உங்களுக்கு ஷிஃப்ட் இருந்தால் வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள், கேட்டுக்கு வெளியே காத்திருக்கிறேன். ஐந்து மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும், ஜேக் நான் இல்லாமல் தூங்க மாட்டான்.

என்ன பேசுவேன் என்று ஒன்றும் யோசித்து வைக்கவில்லை.

விமலாராணி